அக்காவுக்குக் கட்டம் இல்லை

உலகத்தில் எதையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்பதை விளக்க எங்கள் ஆபீசில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். சொன்ன நேரத்துக்கு அது தொடங்கவில்லை. லேப்டாப்போடு சேரமாட்டேன் என்று புரொஜெக்டர் அடம்பிடித்தது. படித்த பிள்ளைகள் நாலு பேர் ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தார்கள். வெகுநேரம் கழித்து அதுவாகவே எரிந்தது. ஏன் எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும் கைதட்டினோம்.

எங்கள் மேனேஜர் மேடையேறினார். மைசூர்க்கார அம்மா. குரலை உயர்த்தியே பேசமாட்டார். ஆளை வேலையிலிருந்து அனுப்பும்போதுகூட, காபி சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். "நேற்று நடந்தது முழுதாகத் தெரிந்தால் நாளை நடக்கப்போவதும் தெரியும். கிரகங்களுக்கும் அதுதான், மனிதர்களுக்கும் அதுதான்" என்றார் இங்கிலீஷில். விஷயம் இவ்வளவுதான்: வரும் மாதங்களில் யார் யார் வேலையை விட்டுப் போவார்கள் என்று சொல்லும் ஒரு புரோகிராமைக் கம்பெனியிலேயே எழுதியிருந்தார்கள். போகமாட்டார் என்றால் பச்சை, போனாலும் போவார் என்றால் மஞ்சள், போயேவிடுவார் என்றால் சிவப்பு. எனக்குக் கிளி ஜோசியம் ஞாபகம் வந்தது. அதிலாவது சீட்டு எடுத்த கிளிக்கு ஒரு நெல் கிடைக்கும்.

நான் அங்கே டெஸ்டர். புரோகிராம் செய்வதாகச் சொன்னதைச் செய்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. அது செய்யாது என்பதால்தான் எனக்கு இத்தனை வருஷம் சோறு கிடைத்தது. ஆகவே கூட்டத்தில் வாயைத் திறக்காமல், கொடுத்த சமோசாவைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

என் வீடு ஜோகுபாளையத்தில். ஆபீஸ் பழைய மெட்ராஸ் ரோட்டில். நடந்தே போய்விடலாம். பெங்களூரில் நடந்து ஆபீஸ் போகிறவனை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பாகப்பிரிவினையில் பெரிய பங்கை அமுக்கியவனைப் பார்க்கிற மாதிரி. வீட்டில் நானும் அக்காவும்தான். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் காரணம் கேட்டுக் கேட்டு எங்கள் பங்கு மக்களே ஓய்ந்துபோனார்கள். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சில வருஷங்களாக அவளுக்குக் கை நடுக்கம். பார்க்கின்சன்ஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார். ஸ்பூன் தட்டிலிருந்து கிளம்புவது வரைக்கும் நமக்குத் தெரியும். அது வாய்க்கு வருமா, தோளுக்குப் போகுமா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

அதனால் மத்தியானம் நான் வீட்டுக்குப் போய் அவளுக்கு ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்புவேன். பக்கத்து வீட்டு அம்மா ஊட்ட வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். "நான் என்ன கைக்கொழந்தயாடி?" என்று கேட்டு அனுப்பிவிடுவாள். தம்பியிடம் மட்டும் கைக்குழந்தையாக இருக்கச் சம்மதம். இந்த ஆபீசை விட்டு நான் எங்கே போவேன்? கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் புரோகிராமை எழுதியவன் கரூரிலிருந்து வந்த பையன். ஆபீசுக்கு எதிரே ஒரு காண்டிமென்ட்ஸ் உண்டு. டீ, பிஸ்கட், சிகரெட் விற்கும் பெட்டிக்கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். கூட்டம் முடிந்த மறுவாரம் அவன் அங்கே என்னை ஓரமாக அழைத்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எந்தக் கம்பெனிக்குப் போறீங்க? எனக்கும் அங்க கொஞ்சம் சொல்லி வைங்க."

"நான் எங்கப்பா போறேன்?"

"நான் எழுதுன புரோகிராம் மாடல்ல நீங்க சிவப்புங்க சார். டார்க் சிவப்பு. தினமும் மத்தியானம் கார்டு தேச்சு வெளிய போறீங்க, ஒரு மணி நேரம் ஆளக் காணோம். இன்டர்வியூ போறவங்க பேட்டர்ன் அப்படியே இருக்குதுங்க."

"தினமும் இன்டர்வியூக்குப் போறவன் உலகத்துல உண்டாடா?"

"அதனாலதாங்க சார் டார்க்கு."

அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. நல்ல பையன். "விவரம் நிரப்பற எடத்துல வீட்டுக்காரம்மாவுக்குக் கட்டம் இருக்குதுங்க, கொழந்தைக்கு இருக்குது, ஹோம் லோனுக்கு இருக்குது. அக்காவுக்குக் கட்டம் இல்லீங்க சார்" என்றான்.

"சரி, நான் சிவப்புன்னு என்கிட்டயே சொல்லிட்ட. இப்ப நான் வேணும்னே போகாம இருந்துட்டா?"

யோசித்தான். "உங்ககிட்ட சொன்னதையும் மாடல்ல சேத்துக்கலாங்க."

"சேத்தேன்னு எனக்குத் தெரிஞ்சா?"

"அதையும் சேத்துக்கலாங்க..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது. கிரகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாளைக்கு நீ இங்கே இருப்பாய் என்று சொன்னால் அவை கோபித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்புவதில்லை.

மேனேஜரிடம் போய் நேராகவே சொன்னேன், மத்தியானம் எங்கே போகிறேன் என்று. காபி சாப்பிட்டாயா என்று கேட்டார். "நான் உன்னை முழுதாக நம்புகிறேன். ஆனால் நான் நம்புவதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றுதானே இதைச் செய்தோம்?" என்றார்.

சரி, பச்சையாகிக் காட்டுவோம் என்று இறங்கினேன். ஆபீஸ் பேட்மின்டன் குழுவில் சேர்ந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். கம்பெனியைப் புகழ்ந்து இணையத்தில் எழுதினேன். கன்னட ராஜ்யோத்ஸவ விழாவில் கன்னடக் கொடி நிறத்தில் மஞ்சளும் சிவப்புமாகத் துண்டு போட்டுக்கொண்டு கோரஸ் பாடினேன். கரூர்ப் பையன் மறுபடி ஓரமாக அழைத்தான். "இன்னும் டார்க் ஆயிட்டீங்க சார். திடீர்னு நல்லவனா மாறுறதுதான் இருக்கறதுலயே பெரிய சிக்னலுங்க."

அடுத்து, பாதிப் பேரைச் சர்ஜாபூர் ரோட்டுக் கோடியில் கட்டிய புதுக் கட்டிடத்துக்கு மாற்றுவதென்று முடிவானது. யாரை மாற்றுவது? எப்படியும் போகப்போகிறவர்களை மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சிவப்பு ஆட்களையெல்லாம் பொறுக்கி எடுத்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இங்கே பழம் விழும் என்று காக்கை எழுதிக் கொடுத்துவிட்டது, இவர்கள் ஏறி மரத்தை உலுக்கினார்கள்.

சர்ஜாபூரிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்து திரும்புவது என்றால் அதற்கே ஒரு நாள் லீவு எழுதவேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கெஞ்சி ஏற்பாடு செய்துவிட்டுப் போனேன். சாயங்காலம் கேட்டால், "நல்லா சாப்ட்டேன்டா" என்பாள் அக்கா. அந்த வாரக் கடைசியில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். அக்கா தன்னை ஒரு நாள்கூட உள்ளே விடவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார். தானே சாப்பிட்டிருக்கிறாள். சிந்தியதைத் தரையிலிருந்து துடைத்திருந்தாள். சுவரில் ஒட்டிக் காய்ந்திருந்த சாம்பார் சோற்றை அவள் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திங்கட்கிழமை காலை ராஜினாமாவை அனுப்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

என் வேலையின் கடைசி நாளன்று பழைய ஆபீசில் கூட்டம், சர்ஜாபூர் ஆட்களையும் வரச்சொன்னார்கள். அன்றைக்கென்று புரொஜெக்டர் தொட்டவுடன் எரிந்தது. மேனேஜர் ஒரு வரியைக் காட்டினார். பெயர் இல்லை, சிவப்பு நிறம் மட்டும். "போகப்போவது இவருக்கே தெரிவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்திருந்தது" என்றார். கைதட்டல் எழுந்தது. கரூர்ப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தட்டினேன். தட்டாமல் எப்படி? நான் டெஸ்டர். அத்தனை வருஷத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்து காட்டிய புரோகிராம் அது ஒன்றுதான்.

எனக்கு விடைகொடுக்க வாங்கிய கேக்குக்கு நிற்காமல் நடந்து வீட்டுக்கு வந்தேன். மத்தியான நேரம். அக்கா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா இந்நேரத்துல?"

"வேலைய விட்டுட்டேன்க்கா. நான் விட்டுடுவேன்னு அங்க ஒரு மெஷின் முன்னாடியே சொல்லிடுச்சு."

"என்னைக் கேட்டிருந்தா, சாகற வரைக்கும் அவன் விடமாட்டான்னு சொல்லியிருப்பேனேடா." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "என்னாலதானே?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. போய் அந்த மேனேஜர் பொம்பளகிட்ட வேலையத் திரும்பக் கேளு. எனக்கு ஊட்ட ஆள் வேணாம், நானே சாப்டுவேன். பாரு இப்ப" என்று ஸ்பூனை எடுத்தாள்.

ஸ்பூன் கிளம்பியது. ஆடியது. காதுப் பக்கம் போவது போல் போய்த் திரும்பி, ஒரு பருக்கை சிந்தாமல் நேராக வாய்க்குள் போயிற்று. ஏன் என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரிந்திருக்காது. அக்காவே பயந்துபோய் என்னைப் பார்த்தாள், வாயில் சோற்றோடு. பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த வாய் நைட்டியில் போயிற்று. அதற்கடுத்தது தரையில். அவள் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. நானும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. எதிரில் உட்கார்ந்து, அடுத்த வாய் எங்கே போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போக எனக்கு ஆபீஸ் இல்லை.