அஞ்சலைக்கு நான் போட்ட தேதி

மார்ச் 9. காலை 5.40: என் மனைவி சரோஜா நெஞ்சு கனக்கிறது என்றாள். 6.05: ஆட்டோ வந்தது. 6.30: மருத்துவமனை. 7.15: மருத்துவர் வெளியே வந்தார். மார்ச் 10, பகல் 11: தகனம்.

வெளிநாட்டில் இருக்கும் மகனின் அலுவலகத்துக்கு, அம்மா இறந்த விவரம் ஆங்கிலத்தில் ஒரு பத்தியாக வேண்டுமாம். மேலே உள்ளவை அதற்கான குறிப்புகள். கோர்த்து எழுதுவதுதான் பாக்கி. நான்கு நாட்களாக முடியவில்லை. செங்கல்பட்டில் கல்லூரி மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் இதையே கற்பித்தவன் நான். நண்பரே, சிரிக்கலாம்.

நடந்து முடிந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொடுத்து, தேதியும் இணைப்புச் சொல்லும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கச் சொல்வேன். பிஃபோர், ஆஃப்டர், வென், சின்ஸ், அன்டில். கரும்பலகையின் குறுக்கே கோடு இழுத்து, எது முன், எது பின் என்று புள்ளி வைப்பேன். இந்தக் கோட்டில் இடமில்லாத நிகழ்ச்சி உலகில் இல்லை என்று ஒருமுறை சொன்னதாக நினைவு. அந்த வயதில் மனிதன் இதைவிட மோசமானவற்றையும் சொல்வான்.

இப்போது வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாலே கருவாட்டு வாசனை வருகிறது. தாளில் இல்லை, என் மூக்கில். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருவாட்டுக் கூடையோடு அஞ்சலை எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். சரோஜா அப்போது மாமல்லபுரத்தில் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. அஞ்சலையின் மகள் அவளிடம் படித்தாள். அஞ்சலையின் கணவன் கட்டுமரத்தில் தனியாகக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நான்காம் நாள் கட்டுமரம் மட்டும் சதுரங்கப்பட்டினத்துக் கரையில் ஒதுங்கியது. மகளை விடுதியில் சேர்க்க வேண்டும். அந்த விடுதியை நடத்திய வெளிநாட்டார், தகப்பன் எப்போது, எப்படி இறந்தான் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள்.

"எந்தத் தேதியில கடலுக்குப் போனார்?"

"தேதி இன்னாத்துக்கு சார்? அம்மனுக்குக் கூழு ஊத்துன மறுநா, வெடியகாலைல போச்சு. வரல. அவ்ளோதான்."

"எப்போ இறந்தார்?"

"அத்த நீ பாத்தியா சார்? நானும் பாக்கல."

உள்ளேயிருந்து சரோஜா குரல் கொடுத்தாள். "அவருக்குத் தேதி இல்லாம சோறு எறங்காது அஞ்சல."

"அக்கா, கண்ணாலம் கட்டுன தேதியாவது சாருக்கு நெனப்பு கீதா?" என்று சிரித்தவள், என் பக்கம் திரும்பியபோது சிரிக்கவில்லை. "தேதி போடாத சார். உடம்பு வரல, நான் தாலி கழட்டல. போட்டுட்டா நானே கொன்னாப்புல ஆயிடும்."

போனான், கட்டுமரம் ஒதுங்கியது. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லாத சில நாட்கள். 'காணவில்லை' என்றே எழுதியிருக்கலாம். விடுதிக்காரர்கள் ஏற்க மாட்டார்களோ என்ற அச்சம் ஒரு காரணம். அந்த இடைவெளி என் வாக்கியத்தில் தொங்குவது எனக்குப் பொறுக்கவில்லை என்பது உண்மையான காரணம். நடுவிலிருந்த புதன்கிழமையை எடுத்து, அன்று கடலில் இறந்தார் என்று எழுதி, முன்னும் பின்னும் கட்டினேன். நல்ல வாக்கியம். அஞ்சலைக்குத் தமிழில் சொல்லிக் காட்டும்போது தேதியை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கைநாட்டு வைத்தாள்.

மகளுக்கு இடம் கிடைத்தது. அடுத்த மாதம், விடுதி கொடுத்த நகலை அஞ்சலையின் கணவனுடைய அண்ணன் யாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். "பேப்பர்லயே தேதி போட்டுகீது. இன்னும் இன்னாத்துக்குப் பூவும் பொட்டும்?" என்றாராம். குப்பம் கூடிக் கருமாதி செய்து தாலியை எடுத்துவிட்டார்கள். அஞ்சலை எதிர்த்துப் பேசவில்லை. "சார் படிச்சவரு. எங்கியோ விசாரிச்சித்தான் போட்டிருப்பாரு" என்று சரோஜாவிடம் சொன்னாளாம்.

"அந்தத் தேதி நீங்களா எழுதினதுன்னு போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் சரோஜா.

"பரீட்சை முடியட்டும்" என்றேன்.

பரீட்சைகள் முடிந்தன. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆங்கிலத் தேதியில் அஞ்சலை படையல் போட்டாள். சரோஜா திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். இரண்டாயிரத்து நான்கின் கடல், குப்பத்தைக் கொண்டுபோன பிறகு, அஞ்சலைக்குச் சாலைக்கு அப்பால் ஒரு கான்கிரீட் வீடு கிடைத்தது. அங்கும் அதே தேதி. சில ஆண்டுகளாக என்னை வருகிறீர்களா என்று சரோஜா கேட்பதையும் நிறுத்தியிருந்தாள். காபியை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

குப்பம் இருந்த மணலில் இன்று ஒரு சுற்றுலா விடுதியின் மதிற்சுவர். கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. கல்லூரியில் என் கரும்பலகையையும் கழற்றிவிட்டார்கள். அந்தப் புதன்கிழமை மட்டும் அப்படியே இருக்கிறது. அது பொய் என்று அறிந்திருந்தவர்கள் இரண்டு பேர். இப்போது ஒருவன்.

செய்யாமல் இருப்பவை:

மகனுக்கு அந்தப் பத்தி.

நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய, சரோஜா பாதி படித்த புத்தகம்.

அவளுடைய கைப்பையைத் திறந்து பார்ப்பது.

அஞ்சலையிடம் போவது. சரோஜா இறந்ததே அவளுக்கு இன்னும் தெரியாது. நான் போகாவிட்டால், இந்த ஆண்டும் சரோஜாவுக்கு ஓர் இலை போட்டுக் காத்திருப்பாள்.