நைனாரின் எலக்ட்ரான் மழை

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே அனந்தராஜ் நைனார் ரேடியோவைச் சிற்றலைக்குத் திருப்புகிறார். இருட்டிய பின் உண்ணாத சமணர் அவர். ஆரணியே உலை வைக்கும் நேரத்தில் அவர் மட்டும் ஓய்வாக ரேடியோ கேட்கலாம். அலாஸ்காவில் அப்போது விடிந்திருக்காது. அங்கிருந்து துருவத்தை ஒட்டி வரும் ஒரு வானொலி நிலையத்தின் ஆங்கிலக் குரலுக்காகத்தான் இந்த ரிப்பேர் கடையே நடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். என் டிரான்சிஸ்டர் போன பொங்கலிலிருந்து அங்கேதான் கிடக்கிறது.

ரிப்பேருக்கு வரும் பெட்டிகளில் கரப்பான் குடியிருக்கும். அவற்றை வெளியேற்றாமல் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தொடமாட்டார். "ஜல்தி கெளம்புப்பா, சூடு பட்டுடும்" என்று தட்டித் தட்டி, காகிதத்தில் ஏந்தித் தெருவில் விடுவார். வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் குரலுக்கு இன்னொரு ரசிகை காசியம்மாள். பட்டு நூல் இழைத்துவிட்டு நேராக இங்கே வருவாள். மகன் தனக்கோடி அலாஸ்கா கடலில் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. "அவன் கீற ஊரு பேச்சு. அது போதும்" என்பாள்.

இந்த எண்பத்தைந்தாம் வருஷத்து மார்கழியில் ஒரு நாள், டிரான்சிஸ்டரைக் கேட்டுச் சண்டை போட நானும் கடைக்கு வந்திருந்தேன். குரல் அமுங்கியது, எழுந்தது, மறுபடி அமுங்கியது. பிறகு இல்லவே இல்லை. நைனார் வழக்கம்போலப் பக்கத்து மணவாளனின் பட்டு முறுக்கும் மோட்டார்மேல் பழியைப் போட்டார். மணவாளனும் பாவம், மோட்டாரை நிறுத்தினார். குரல் வரவில்லை. நைனார் பெட்டியைப் பிரித்து, நன்றாக இருந்த ஈயப் பற்றுகளையெல்லாம் மறுபடி பற்றவைத்தார். அப்போதும் வரவில்லை.

காசியம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "கொரலு நின்னுபூட்டுதே நைனாரே. கப்பலு முழுகிடுச்சா?"

நைனார் சூட்டுக்கோலைக் கீழே வைத்தார். அந்த அலாஸ்கா நிலையத்தார் முன்பொரு நாள் ரேடியோவில் சொன்னது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததாம்.

"கப்பலுக்கு ஒண்ணும் ஆவலம்மா. அவங்க பேசிகினுதான் இருப்பாங்க. நடுவுல மழ. அந்தப் பக்கம் விடியக்காலத்துல வானம் பச்சையா விட்டு விட்டு மினுக்கும். அப்போ மேலேர்ந்து எலக்ட்ரான் கொட்டுது. கரண்டோட துணுக்குன்னு வெச்சிக்கோ. அது கொட்டுற எடத்துல ரேடியோ அலைய வானமே முழுங்கிடுது."

"எம் புள்ள நனைவானா?"

"நாப்பது அம்பது மைலு மேலயே காத்து புடிச்சிக்கும். அவன் தலைல ஒரு சொட்டு விழாது."

"இங்க பெய்யுமா?"

"நம்ம பக்கம் வரவே வராது."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத தூசு, உலகத்தின் உச்சியில் எங்கோ கொட்டுகிறது. அதற்கு ஆரணிக் கடைத்தெருவில் ஒரு தாய் கலங்குகிறாள். இத்தனை பெரிய வானத்தின் கீழா நான் டிரான்சிஸ்டருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்!

மூவரும் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு வழியாக அந்தக் குரல் மெலிந்து, நடுங்கி, மேலே வந்தது. காசியம்மாள் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் போயி உல வெக்கிறேன்" என்று எழுந்து போனாள்.

நைனார் வாசலுக்கு வந்தார். மேகமே இல்லை, நட்சத்திரம் தெளிவாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தூறல் விழுகிறதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைத் தெருவில் நீட்டினார்.