நாலு நாள் தூரம்

ரங்கூன் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது ஊதுகிற சங்குச் சத்தத்தில், ராயபுரத்தில் எங்கள் சமையற்கட்டின் தகரக் கூரை கிடுகிடுவென்று அதிரும். சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாலும் அம்மா ஒரு கணம் அப்படியே நின்றுவிடுவார். ரங்கூனில் ஒரு துணிக்கடையில் என் வாப்பா வேலை பார்த்தார்.

எங்கள் தெருவில் யாரும் தூரத்தை மைலில் சொன்னதில்லை. ரங்கூன் 'நாலு நாள்', பினாங்கு 'ஒரு வாரம்', அவ்வளவுதான். அம்மாவின் அண்ணன் காசிம் மாமு துறைமுகத்தில் சரக்கு இறக்கும் மேஸ்திரி. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. தெருவே அவரைக் 'கப்பல் பஞ்சாங்கம்' என்று கேலி செய்யும், அவருக்கோ அதில் கொள்ளைப் பெருமை. தலைக்கு மேலே விமானம் போனால் பிள்ளைகள் நாங்கள் கை கொட்டிக் கூவியதோடு சரி. அது துரைமாரும் மந்திரிமாரும் போகிற வண்டி என்றுதான் எல்லோருக்கும் எண்ணம்.

வாப்பா கடைசியாகக் கப்பலேறியபோது என் தம்பி யூசுப் அம்மாவின் வயிற்றில் இருந்தான். அவன் தவழ்ந்ததையும் நின்றதையும் வாப்பா கடிதத்தில்தான் படித்தார். "போட்டோ புடிச்சா புள்ளைக்கு ஆயுசு கொறையும்" என்று பெரியவர்கள் தடுத்ததால், ஒரு படம்கூட எடுத்து அனுப்பவில்லை.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் யூசுப்புக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. ரங்கூனுக்குத் தந்தி போயிற்று. மூன்றாம் நாள் விடியும்போது குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது.

அம்மா அவனை மடியிலிருந்து இறக்க விடவில்லை. "நாளைக்கு வரிக்கும் வுடுண்ணே. அவரு இன்னும் புள்ள மூஞ்சியே பாக்கல."

மாமு கொட்டுகிற மழையில் துறைமுகத்துக்கு ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்தார். "கப்பலு அங்கேர்ந்து இன்னும் கெளம்பவே இல்லம்மா. வர அடுத்த வாரம் ஆயிடும். மய்யித்தைக் காக்க வெச்சா அதுக்குத்தான் வேதனை" என்றார். அன்று சாயங்காலமே, அசர் தொழுகைக்குப் பிறகு யூசுப்பை அடக்கம் செய்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. இறங்கியவர் வாப்பா. தந்தியைப் பார்த்ததும் கடை முதலாளி விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்தாராம், வழியில் கல்கத்தாவில் ஓர் இரவு தங்கினாராம். வருவதாக அவர் அடித்த தந்தி மழையில் தாமதப்பட்டு, அவர் வந்த பிறகுதான் வந்தது. "புள்ளைக்கு இப்போ எப்டி கீது?" என்று கேட்டபடியே செருப்பைக் கழற்றினார். மாமு தலையில் அடித்துக்கொண்டு மழைச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாப்பா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கபரை ஒரு தடவை திறக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். பள்ளிவாசல் இமாம் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, "மூக்கு யார் மாரி இருந்துச்சு?" என்று கேட்டார். அம்மா மாதிரி என்றேன் நான், வாப்பா மாதிரியே என்றார் மாமு. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் வாப்பா புறப்பட்டார். "பிளேன்லயே போய்டுங்க மச்சான்" என்றார் மாமு. "இனிமே இன்னா மச்சான் அவசரம்?" என்று சொல்லிவிட்டு வாப்பா கப்பலில்தான் போனார். அதற்குப் பிறகு யார் கப்பல் நேரம் கேட்டாலும் மாமு தெரியாது என்றே சொல்லிவந்தார்.

ரங்கூன் கப்பல் நின்றுபோய் எத்தனையோ காலமாயிற்று. துறைமுகச் சாலை முழுக்க இப்போது கன்டெய்னர் லாரிகள். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ரங்கூன் போய்விடலாம் என்று பேரன் போனைப் பார்த்துச் சொல்கிறான். யூசுப்பைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். அவன் முகம் எனக்கும் மறந்துபோய்விட்டது.