மூன்று படி கீழே

என் அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. முப்பது வருடமாக ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதர், தன் வீட்டுக்கு மட்டும் மூன்று மாடி படியேறித்தான் வர வேண்டும். "இங்க லிஃப்ட் இல்லாததே நல்லது. இருந்தா ஞாயித்துக்கிழமையும் வேலை சொல்லுவாங்க" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் கிட்டார் விழுங்கியது.

இடிக்கப்போகிற ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் அது கிடந்ததாம். பன்னிரண்டு கம்பி கிட்டார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எந்தக் காலத்திலோ ஒட்டுப்பலகையில் ஆயிரக்கணக்கில் செய்து மலிவாக விற்ற சரக்கு. கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை, கிட்டாரின் மேல்பலகையை விட்டு எழும்பி நின்றது.

"குப்பைத்தொட்டிக்கு வழி தெரியாம வீட்டுக்குக் கொண்டுவந்துட்டீங்களா அத்தான்?" என்றேன். என் வாய் அப்படி. அவர் கட்டைக்கு அடியில் ஒரு தாளை நுழைத்து, எவ்வளவு தூரம் போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் இரவல் கிட்டாரில் அவர் வாசிக்க, அக்கா பாடுவாள். அவருக்குத் தெரிந்தது நாலே கார்டு, கம்பிமேல் நாலு விரல்பிடி. அவள் குரல் அதற்குத் தோதாக இருந்தது. பிறகு கிட்டார் போனது, பாட்டு போகவில்லை. இஸ்திரி போடும்போதுகூடப் பாடுவாள். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தாள், குரல் மட்டும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. போனில் அவள் பேசியதைக் கேட்டு எவனோ "சொல்லுங்க சார்" என்றான். அன்றிலிருந்து மணி அடித்தால் போனை, அவர்களோடு இருக்கிற என்னிடம் நீட்டிவிடுவாள்.

ஒருநாள் குளியலறையில் பழைய பாட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது வரியில் மேலே போக முடியாமல் குரல் உடைந்தது. ஈரத் தலையோடு வந்து ஜன்னல் பக்கம் நின்றாள். எனக்கு அழுகையாக வந்தது. அடுத்த வாரம் அத்தான் கிட்டாரோடு வந்தார். அவளைப் பாடவைக்கத்தான் இத்தனை பாடு என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

அவளுடைய இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டித்தான் கட்டையைப் பெயர்த்தார். பழைய பசையைச் சுரண்டி, புதிது வைத்து ஒட்டி, ஒரு வாரம் இறுக்கி வைத்தார். புதுக் கம்பி மாட்டி, பன்னிரண்டையும் சரியான சுருதிக்கு முறுக்கினார். ஒரு கார்டு வாசித்தார், அவ்வளவுதான். படாரென்று கட்டை பெயர்ந்து வந்தது.

"விட்டுடுங்க" என்றாள் அக்கா, திரும்பாமலே. "போனது போனதுதான்."

அவள் கிட்டாரைச் சொல்லவில்லை.

அத்தான் அந்தக் கட்டையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு பேர் ஏறலாம்னு போட்டிருக்கற பழைய லிஃப்ட்ல நான் ஆறு பேரைத்தான் ஏத்துவேன். லிஃப்டை நிறுத்திட மாட்டேன். இதுல மட்டும் ஏன் கம்பி இழுக்கற முழு பாரத்தையும் ஏத்தினேன்?"

மறுபடி ஒட்டினார். இந்தத் தடவை எல்லாக் கம்பியையும் மூன்று படி கீழே இறக்கியே சுருதி சேர்த்தார்.

"தவளை கத்தப்போகுது" என்றேன்.

கத்தவில்லை. வெளியே தூறல், அறையில் அக்கா போடுகிற இஸ்திரியின் ஆவி, ஜன்னல் வெளிச்சம் பால் போல் பரவியிருந்தது. கம்பிகள் இரண்டிரண்டாக இருந்தன. தடித்ததோடு ஒட்டிக்கொண்டு, அதே சுரத்தை மேலே பாடுகிற மெல்லியது. ஒரு விரல் பட்டால் இரண்டு பேர் பதில் சொன்னார்கள். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. அதே நாலு கார்டு, அதே பாட்டு. அத்தான் அவளைப் பார்க்கவேயில்லை.

முதல் வரி சும்மா போனது. இரண்டாவது வரியை அக்கா எடுத்தாள். உடைந்த இடம் வந்தது, கடந்து போனாள். கனத்த, புதுக் குரல். அவள் பழைய குரல் போகிற உயரத்தில் மெல்லிய கம்பிகள் கூடவே போய்க்கொண்டிருந்தன. சட்டைக் காலர் கருகிய வாசனை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தினாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வழக்கம்போல் நான் கை நீட்டினேன். அவள் தரவில்லை, தானே எடுத்து "ஹலோ" என்றாள், அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டாள்.

"சார் கிட்டார் வாசிச்சிட்டு இருக்காரு" என்றாள். "நான் பாடுறவ. அப்புறமா கூப்பிடுங்க."