கேஸ் டேங்க்கில் விழுந்த விருந்துச் சோறு

கெடாருக்குப் பக்கத்துக் காலனியில் ஜெயத்தைப் பிடித்தவர்கள் என்று யாரும் இல்லை. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. கரும்பு வெட்டப் போன காலத்தில் மேஸ்திரியின் கையைக் கடித்தவள் என்று பேர். புருஷன் செத்து, இடுப்பும் விட்டுப்போய்க் குனிய முடியாமல் ஆன பிறகு, வெட்டுக்கும் நடவுக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை.

அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து ஒரு கம்பெனி வந்தது. தெருச் சாக்கடை போய் விழும் குட்டையை ஒட்டி ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டிகள் கட்டினார்கள். சாக்கடைத் தண்ணீரில் வெயில் பட்டுப் பாசி பச்சையாய்ப் பெருகும். அதை அடியில் படியவிட்டு, கூழாக எடுத்து, காற்றுப் புகாத பெரிய டேங்க்கில் ஊற்ற வேண்டும். உள்ளே அது மக்கிக் கேஸாகிக் குழாய் வழியே தெருவின் அடுப்புகளுக்குப் போகும். தொட்டியைத் துடுப்பால் கலக்குவதும் கூழை ஊற்றுவதும் ஜெயத்தின் வேலை. நின்றபடியே செய்யலாம். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவளால் செய்ய முடிந்த ஒரே வேலை அதுதான்.

அந்த வேலை தனக்கு வர வேண்டியது என்று கலையரசி நினைத்திருந்தாள். கலையரசி ஜெயத்தின் ஓரகத்தி, கொழுந்தனின் பெண்டாட்டி. அடுத்த வீடு. அன்றைக்குப் பிடித்த சண்டை.

கலையரசியின் மகள் வெண்ணிலாவுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. ஜெயத்தை யாரும் தட்டோடு வந்து அழைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "பந்திக்கு மட்டும் வந்தா போதுமாம் நீ."

தண்ணீர் ஊற்றும்போது தாலி இல்லாதவள் நிற்கக் கூடாது என்பது அதன் அர்த்தம். ஜெயம் பந்திக்கும் போகவில்லை. வெயிலில் பாசியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பிற்பகல் விருந்து முடிந்து பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவில் கலையரசி கத்துவது கேட்டது. "மிச்ச சோத்த மாட்டுக்குக் காட்டாதீங்க, உப்பிக்கும்." ஜெயம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் பார்த்தால் டேங்க்கின் வாயில் பாயசச் சேமியா காய்ந்து ஒட்டியிருந்தது. சோறு, சாம்பார் எல்லாம் அண்டா அண்டாவாக உள்ளே போயிருந்தன. இரண்டொரு நாளில் புளித்த நாற்றம் கிளம்பியது. அடுப்புகளில் தீ சுருங்கி அணைந்தது. தெருவே ஜெயத்தின் வாசலில் வந்து நின்று திட்டியது.

கம்பெனி அலுவலர் அன்புச்செல்வன் வந்தார். டேங்க்கிலிருந்து எடுத்த கூழில் காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "புளிச்சிப்போச்சும்மா. உள்ள கேஸ் உண்டாக்கற நுண்ணுயிருங்க சாவுது. பாசி ஊத்தறத நிறுத்துங்க. சுண்ணாம்புத் தண்ணி ஊத்துங்க, புதுச் சாணியும் கரைச்சி ஊத்துங்க. தேறுதான்னு பாப்போம்."

"தேறலன்னா?"

"தெருவுல வேணாம்னு சொன்னா டேங்க்க வளவனூருக்கு மாத்திடச் சொல்லிட்டாங்க கம்பெனியில. அடுத்த வாட்டி வரும்போது தெருவக் கூட்டிக் கேப்பேன்."

தெருவில் மாடு வைத்திருந்தவள் கலையரசி ஒருத்திதான். ஊர்த்தெருவுக்குப் போய்ச் சாணிக்குக் கை ஏந்த ஜெயம் தயாராயில்லை. கூடையோடு கலையரசியின் கொட்டகைக்குப் போனாள்.

"சாணி வேணும்."

"வறட்டிக்கு வெச்சிருக்கேன்."

"நீ வறட்டி தட்டி எந்தக் காலம் ஆவுது. போன வாரம் வரைக்கும் அந்த டேங்க் கேஸுலதானே காப்பி வெச்சிக்கினு இருந்த."

"நாத்தம் புடிச்சது போவட்டும். தெரு மூச்சு வுடும்."

"அது போனா நான் எங்க போறது?"

"எம்பொண்ணு விசேசத்துக்கு வராதவளுக்கு நான் வழி சொல்லணுமா?"

"தாலி அறுத்தவ நிக்கக் கூடாதுன்னு ஆள் வுட்டுச் சொன்னவ நீ. அத வுடு. மாட்டுக்குக் காட்டாதீங்கன்னு நீ கத்துனது எங்காதுல வுழுந்துது. போன தையில உன் செவல எதைத் தின்னு செத்துது?"

 கல்யாண வீட்டுச் சோற்றை வயிறு முட்டத் தின்று, விலா இரண்டும் மேளம் மாதிரி உப்பி, நுரை தள்ளிச் செத்தது அந்தச் செவலைப் பசு. அதன் தலையை மடியில் வைத்திருந்தவள் கலையரசிதான்.

"டேங்க்குக்குள்ளயும் வவுறுதான் கீது. உம்மாட்டுக்கு ஆவாதத அதும் வாயில கொட்டச் சொல்லிக்கீற."

"வேற எங்க கொட்டறது? குப்பையில கொட்டி நாய் மிதிக்கறதா? சோறு அது."

"என்னக் கேட்டிருக்கலாம்."

"உங்கிட்ட எவ பேசுவா?"

ஜெயம் சுவரைப் பிடித்துக்கொண்டு சாணியருகே உட்காரப் பார்த்தாள். இடுப்பு மடங்கவில்லை. பாதியில் நின்று பல்லைக் கடித்தாள்.  கலையரசி மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, வாய்க்குள் திட்டிக்கொண்டே சாணியை வாரிக் கூடையில் எறிந்தாள். ஜெயத்தின் சேலையிலும் கொஞ்சம் தெறித்தது. தெரியாமல் பட்டதில்லை.

"எடுத்துக்கினு போ. கூடையத் திருப்பிக் குடுக்கறேன்னு வந்துடாத."

"என்னோட கூடைதான் அது," என்றாள் ஜெயம்.

அதற்கப்புறம் தினமும் காலையில் கொட்டகை வாசலில் ஒரு குவியல் சாணி கிடந்தது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஜெயம் நீளக் காம்பு போட்ட முறத்தால் அதைத் தள்ளி எடுத்துக் கரைத்து ஊற்றினாள். நாற்றம் மெல்ல அடங்கியது. ஒருநாள் அடுப்பில் தீ நடுங்கிப் பிடித்தது. சில நாளில் நிலைத்து நின்றது. அதற்குப் பிறகே பாசியைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டாள்.

அன்புச்செல்வன் மறுபடி வந்து தெருவைக் கூட்டிக் கேட்டார். எல்லோரும் கலையரசியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"இருந்துட்டுப் போவட்டும் சார்," என்றாள் அவள். "கேஸுக்காகச் சொல்றேன். அவளுக்காக இல்ல."

"அவளும் கேஸுக்காகத்தான் குடுத்தா சாணி," என்றாள் ஜெயம். "எனக்கொண்ணும் குடுக்கல."

அவர் வண்டி கிளம்பியதும் ஜெயம் டேங்க்கின் வாய்க்கு ஒரு பூட்டைப் போட்டாள். கலையரசி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.