முடிவுகள் எதுவும் இல்லை

திண்டிவனத்திலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் அது பாயாகத்தான் இருக்கும். ஊர் ஊராகப் பால் வாங்கிக் குளிரவைத்து அனுப்பும் தனியார் நிறுவனம் எங்களுடையது. அதன் திண்டிவனம் நிலையத்தில் அவர் எழுத்தர். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் சில வருஷம் கிடங்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மேலாளர் உட்பட எல்லோருக்கும் அவர் பாய்தான். நான் விழுப்புரம் தலைமை அலுவலகத்தில், கணினிப் பிரிவு என்று கதவில் எழுதிய அறையில் இருந்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான். கண்டமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

அலுவலகக் கணினிகளில் மட்டும் திறக்கும் ஓர் இணையதளம் எங்களுக்கு இருந்தது. சுற்றறிக்கைகள், விடுப்பு விதிகள், தீவன விலை எல்லாம் அதில்தான். இன்ட்ராநெட் என்று விற்றவர்கள் சொன்னார்கள், நாங்கள் சைட் என்றோம். மேலே வலது மூலையில் தேடுவதற்கு ஒரு கட்டம். அதில் எதைத் தட்டினாலும் சிறிது நேரம் சுற்றிவிட்டு, "முடிவுகள் எதுவும் இல்லை" என்று வரும். யாரும் கோபப்படவில்லை. கட்டத்தை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். நான் கோப்புகளைத் திறந்து திறந்து பார்த்து, கண்டுபிடித்து அனுப்பிவைப்பேன். ஒரு நாளில் பாதி இதிலேயே போகும்.

சைட்டை விற்றவர்களிடம் கேட்டால், தேடலை மேம்படுத்த வேறொரு கணினிப் பெட்டி தனியாக வாங்க வேண்டும் என்றார்கள். மேலாளர் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. "நீதான் இருக்கியேம்மா" என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பழுது எங்கே என்று ஒரு மத்தியானம்தான் பிடிபட்டது. ஒரு பழைய சுற்றறிக்கையிலிருந்து ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டினேன். தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாக வந்து விழுந்தன. கம்பெனி தொடங்கிய தொண்ணூற்று மூன்றிலிருந்து தட்டச்சு செய்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். அவற்றில் திரையில் தெரிவதுதான் தமிழ். மாடு என்று தட்டினால் உள்ளே போய் உட்காருவது கே, எச், எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். புதிதாக வந்த கணினிகளில் நாங்கள் மாடு என்று சரியான தமிழில் தேடினோம். கட்டம் சரியான தமிழைத் தேடியது. உள்ளே இருந்ததோ கே, எச், எல். இரண்டும் ஒருநாளும் சந்திக்க வழியில்லை.

விஷயம் புரிந்ததும் எனக்கு ஒரு வெறி பிடித்தது. கணக்குப் பிரிவு ஒதுக்கிவைத்த பழைய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு தேடல் மென்பொருளை அதில் ஏற்றினேன். பழைய எழுத்துருக்களை இப்போதைய தமிழுக்கு மாற்ற நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். கொம்பும் காலும் இடம் மாறி விழும், ஒற்றுப் புள்ளி பறந்துபோகும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்யவே ஒரு மழைக்காலம் போய்விட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படிக்கும்போதுகூட, இது உள்ளே எப்படிப் போயிருக்கும் என்றுதான் மனம் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓரளவு தயாரானதும், எல்லா நிலையங்களுக்கும் செய்தி அனுப்பினேன். இதுவரை தேடிக் கிடைக்காத எதையாவது சொல்லுங்கள், புதியதில் போட்டுப் பார்ப்போம் என்று. முதலில் கூப்பிட்டது பாய்தான்.

"மாடு செத்துப் போச்சுன்னா கம்பெனி எதுனா குடுக்குமா? அதப் போட்டுப் பாரும்மா" என்றார்.

போட்டேன். புதிய கட்டத்திலும் ஒன்றும் வரவில்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது. எழுத்தைச் சரிசெய்துவிட்டேன், சொல்லை யோசிக்கவில்லை. வீட்டில் மாடு என்போம், செத்துப்போச்சு என்போம். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற எவரும் அப்படி எழுதுவதில்லை. பாயை இணைப்பில் இருக்கச் சொல்லிவிட்டு, மாடு, பசு, கறவை, கால்நடை எல்லாம் ஒன்றுதான் என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாவு, இறப்பு, இழப்பு இவற்றையும் அப்படியே சேர்த்தேன். மறுபடி தேடியதும் முதல் வரியிலேயே வந்து நின்றது: கால்நடை இழப்பு நிவாரணம். ஒரு வருஷம் விடாமல் பால் ஊற்றியவரின் கறவை மாடு இறந்தால், கால்நடை மருத்துவர் சான்றிதழோடு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். சில வருஷங்களாகவே நடப்பில் இருந்த விதி.

நான் சந்தோஷமாக அதைப் படித்துக் காட்டினேன். பாய் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்ப இருந்திருக்கும்மா" என்றார் பாய். "ஒரு அம்மா வந்துச்சு. பிரம்மதேசம் பக்கம். அஞ்சாறு மாசம் இருக்கும். நான் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பிறகு மெதுவாக முழுவதையும் சொன்னார். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே மாடு. அது செத்த மறுவாரமே பஸ் ஏறி வந்திருக்கிறார். பாய் அவர் கண்முன்னாலேயே தேடியிருக்கிறார். நாம் ஏதோ மறைக்கிறோம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, திரையை அவர் பக்கம் திருப்பியும் காட்டியிருக்கிறார். அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். முடிவுகள் எதுவும் இல்லை. சரிங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த வாக்கியத்தை நான் தினமும் பார்ப்பவள். ஆங்கிலத்தில் இருந்ததை யாரோ தமிழாக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அது கட்டத்தின் கையாலாகாத்தனம். அந்த அம்மாவுக்கு அது கம்பெனியின் பதில். முடிவு என்ற சொல்லை நம் ஊரில் யார் தேடிக் கிடைத்தது என்று படிப்பார்கள்? பெரியவர்கள் கூடிப் பேசி எடுப்பதுதான் முடிவு. கிடைக்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மறுநாள் காலையிலேயே பாய் விழுப்புரத்துக்கு வந்துவிட்டார். இருவரும் மேலாளரைப் பார்த்தோம். மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் விதியில் ஒரு மாதம் என்றிருக்கிறது, அவருக்கு மேலே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மா ஒரு மாதத்துக்குள் வந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

"நான்தாங்க அத்தாட்சி" என்றார் பாய். "நான்தான் திருப்பி அனுப்பினேன். எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்தால் உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம் என்று மேலாளர் எச்சரித்தார். வரட்டுங்க என்று சொல்லிவிட்டு, பாய் அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து அங்கேயே எழுதினார். மேலாளர் அதைப் படித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், சாயங்காலப் பால் எடுக்கப் போகும் வேனில் பாயும் நானும் பிரம்மதேசம் போனோம். டிரைவருக்கு அந்த அம்மாவைத் தெரிந்திருந்தது. வீடு பூட்டியிருந்தது. பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து அவர் எழுந்து வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பாயை அடையாளம் கண்டதும் கையில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டே, "மாடு இல்லீங்களே சார், பாலு எங்க இருந்து ஊத்தறது?" என்றார்.

பால் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். பாய் என்னைச் சொல்லச் சொன்னார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது இல்லை என்று சொன்னது தப்பு, விதி இருந்தது, எங்களுக்குத்தான் கிடைக்கவில்லை என்று. அவர் என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொட்டியிலயே இல்லன்னு போட்டிருந்துச்சே" என்றார்.

"பொட்டிக்குத் தெரியலம்மா" என்றார் பாய். "எனக்கும் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கணும். இல்லன்னு சொல்லிக்கினு உக்காந்துட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டதெல்லாம், டாக்டர் சீட்டுக்கு மறுபடி அலைய வேண்டுமா, ஒரு நாள் கூலி போகுமே என்பதுதான். பாய் தானே கால்நடை மருந்தகத்துக்குப் போய் வாங்கி வருவதாகச் சொன்னார். அப்படியே செய்தார். மாடு செத்ததற்கு அங்கே பதிவு இருந்தது. அந்த அம்மா அலைய வேண்டியிருக்கவில்லை.

மேலாளர் சில வாரங்கள் இழுத்தடித்து, கடைசியில் கையெழுத்துப் போட்டார். பாய் மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. அந்த அம்மா மாடு வாங்கவில்லை, ஆடு வாங்கினார். ஆடு செத்தால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்று டிரைவரிடம் சொன்னாராம். நிவாரணம் கொடுத்தும் பால் நமக்கு வரவில்லையே என்று மேலாளர் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிய தேடலை எல்லா நிலையங்களுக்கும் திறந்துவிடும் முன் அந்த வாக்கியத்தை மாற்றினேன். "இந்தச் சொல்லுக்கு எதுவும் அகப்படவில்லை. இல்லை என்று யாருக்கும் சொல்லும் முன் எங்களைக் கேளுங்கள்" என்று எழுதி, என் அறையின் தொலைபேசி எண்ணையும் போட்டேன். இவ்வளவு நீளமாகவா என்றார் மேலாளர். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தேடல் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் போன் குறையவில்லை, அதிகமானது. முன்பு கட்டத்தையே தொடாதவர்கள் இப்போது தேடினார்கள். கிடைக்காதபோது கூப்பிட்டார்கள். இதற்காகவா மாசக்கணக்கில் உட்கார்ந்தாய் என்று மேலாளர் கேட்டார். ஆமாம் என்றேன். கிடைக்காமல் போன சொற்களை வாரம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். யார் தட்டினார்கள் என்று பதிவாகாதபடி வைத்திருந்தேன். மாமியார் ஆஸ்பத்திரி, கல்யாண லோன், திண்டிவனம் டிரான்ஸ்பர் எப்ப என்றெல்லாம் இருக்கும். சுற்றறிக்கையில் பதில் இருப்பவற்றுக்குச் சொல்லை இணைத்துவிடுவேன். மற்றவற்றைச் சும்மா படிப்பேன்.

பாய் அதோடு நிற்கவில்லை. தான் திருப்பி அனுப்பியவர்கள் வேறு யாரெல்லாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கண்டமங்கலத்துக்கே வந்து எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டு, இரண்டு பேர் ஞாபகம் வந்துவிட்டது என்றார். ஒருவர் திண்டிவனத்துக்குள்ளேயே இருந்தார், அவருக்கு உரியது கிடைத்துவிட்டது. இன்னொருவர் வயதானவர். ஊர் ஒலக்கூர் பக்கம் என்பதைத் தவிர பாய்க்கு எதுவும் நினைவில்லை. துணைக்கு யாரும் வரவில்லை, தனியாக வந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். பால் எடுக்கும் டிரைவர்கள் எல்லோரிடமும் கேட்டார். பால் ஊற்றியவர்களின் பழைய பெயர்களை நான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் மாடு வைத்திருந்த வயதானவர்கள் எத்தனையோ பேர். லீவு நாளில் தானே பைக்கில் போய் நாலைந்து ஊரில் விசாரித்தார். ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த சில வருஷங்களில் பாய் வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே மளிகைக் கடை போட்டார். புதுச்சேரிக்குப் போகும்போது அப்படியே அங்கேயும் போய்ப் பார்ப்பேன். வீட்டு விஷயமெல்லாம் பேசி முடித்து நான் கிளம்பும்போது, ஒலக்கூர் பக்கம் யாராவது சொன்னாங்களாம்மா என்று கேட்பார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னும் தெரியல பாய் என்பேன். அவர் தலையாட்டிக்கொண்டு, வந்த ஆளுக்கு அரிசி அளக்கப் போய்விடுவார்.