சிவப்புக் கோடு வரைக்கும்

எங்கள் பிரசவ வார்டில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கோடு சிஸ்டர் என்றால்தான் தெரியும். அவர் சட்டைப் பையில் சிவப்பு நகப்பூச்சு பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். இருபத்தாறு வருஷ வேலையில் தன் நகத்தில் ஒரு தடவைகூட அதைப் பூசிக்கொண்டதில்லை. எண் படிக்கத் தெரியாத தாய்மார்களின் பால் பாட்டிலில், தண்ணீர் எதுவரை ஊற்ற வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து, ஊதிக் காயவைத்துக் கொடுப்பார்.

"இந்தக் கோடு வரைக்கும் தண்ணி. அப்புறம் தலை தட்டி ரெண்டு கரண்டி பவுடர். புரிஞ்சுதா?"

புரிந்தவர்களும் புரியாதவர்களும் ஒரே மாதிரி தலையாட்டுவார்கள்.

நல்ல மனுஷி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப் போவதைக் கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம். ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார் படுத்திருக்கும் வார்டு அது. அதில் யாருக்கு எந்தப் பக்கம் தையல், யாருடைய மாமியார் வாய்த்துடுக்கு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெரிய டாக்டரே சந்தேகம் வந்தால் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். நான் அவருக்குக் கீழே எட்டு வருஷம் வேலை பார்த்தேன். இன்றைக்கும் ஒரு குழந்தையைத் துணியில் சுற்றினால் அவர் கைதான் என் கையில் வரும்.

பிரசவமான இரண்டாம் நாள் குழந்தைகள் ஓயாமல் அழும். தாய்க்கு அப்போது பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். குழந்தை சப்பச் சப்ப மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நன்றாகச் சுரக்க ஆரம்பிக்கும். இதை நாங்கள் எல்லோரும் படித்துப் பாஸ் பண்ணியவர்கள்தான். பரீட்சைக்குப் படித்ததைப் பரீட்சைத் தாளிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அழுகைச் சத்தம் காதைப் பிய்க்கும்போது, கேஸ் தாளின் ஓரத்தில் "ப.ப." என்று எழுதுவோம். பால் பத்தலை. எங்கள் வார்டைத் தவிர வேறெங்கும் இல்லாத சுருக்கெழுத்து. ப.ப. எழுதிவிட்டால் அலமாரியிலிருந்து ஒரு பால் பவுடர் டின்னை இலவசமாக எடுத்துக் கொடுக்கலாம். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கும், தாய் தூங்குவாள், நாங்களும் ஒரு வாய் டீ குடிக்கலாம்.

டின்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். டின்காரர் கொண்டுவருவார். கம்பெனியின் ஆள். வெயிலிலும் டை கட்டியிருப்பார், எங்கள் எல்லோரையும் அக்கா என்பார். வார்டுக்கு ஃபிரிட்ஜ் அவர் தந்தது, சுவர்க் கடிகாரம் அவர் தந்தது. டின்னெல்லாம் வார்டில் வைக்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மேஜை மேல் இருந்த டின்களை அலமாரிக்குள் வைத்தோம். அதோடு சுற்றறிக்கை நிறைவேறிவிட்டது.

கோடு சிஸ்டருக்கு இதில் உறுத்தல் எதுவும் இல்லை. அதற்கும் காரணம் இருந்தது. அவருக்குப் பெண் பிறந்த நாற்பதாவது நாள் வேலைக்கு வரச்சொல்லி ஓலை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அவ்வளவுதான் லீவு. மார்பில் பால் கட்டிக் காய்ச்சலோடு அடுத்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் பெண் டின் பாலில் வளர்ந்தவள், இப்போது பேங்கில் உத்தியோகம். "என் பொண்ணு என்ன கெட்டா போயிட்டா?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? கெட்டுப் போகவில்லைதான். அந்த வீட்டில் டின் தீர்ந்தால் அடுத்த டின் வந்தது, குடத்தில் நல்ல தண்ணீர் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

படவும் வழியில்லை. மூன்றாம் நாள் தாயையும் பிள்ளையையும் அனுப்பிவிடுவோம். ஒன்றரை மாதம் கழித்து தடுப்பூசிக்கு வருகிறவர்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டடத்துக்குப் போவார்கள். நடுவில் இருபது அடி சிமெண்ட் தரை. அங்கே இருப்பவர்கள் இங்கே வருவதில்லை, நாங்கள் அங்கே போவதில்லை.

பல வருஷத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவரை மாற்றுவார்கள். அப்படித்தான் கோடு சிஸ்டர் அந்தக் கட்டடத்தில் எடை பார்க்கும் அறைக்குப் போனார். "இனிமே உட்கார்ந்த இடத்துல வேலை" என்று நாங்கள் கேலி செய்தோம்.

இரண்டாவது வாரமே அவர் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை.

"நாம எழுதற ப.ப. இருக்கே, அந்தத் தாளெல்லாம் அங்க வருது. அந்தப் பிள்ளைங்க எடை ஏறவே மாட்டேங்குது."

"எல்லாமேவா?"

"வசதி இருக்கறவங்க வீட்டுப் பிள்ளைங்க ஏறுது. மத்ததெல்லாம் பிறந்தப்போ இருந்த இடத்துலயே நிக்குது. சிலது அதுக்கும் கீழ."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பயந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்கு மறுநாள் இஸ்திரிக்காரி வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற பெண். கையில் ஆறு வார ஆண் குழந்தை. தட்டில் படுக்க வைத்தபோது முள் நகர்ந்த இடத்தைப் பார்த்து, கோடு சிஸ்டர் தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். தட்டிப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

"என்னம்மா குடுக்கற?"

"நீங்க சொன்னதுதான் சிஸ்டர்." பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. கோடு வரைக்கும் நிறைந்திருந்தது, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. "ஒரு தடவைகூடக் கோட்டுக்குக் கீழ குடுத்தது இல்ல. கோடு வரைக்கும் குடிச்சிடுவான். ஒரு சொட்டு மீதி வைக்க மாட்டான்."

"பவுடர் எத்தனை கரண்டி?"

"முதல்ல ரெண்டு. அப்புறம் டின்னு தீரப் போச்சு, வேற வாங்கக் காசில்ல, ஒண்ணு. இப்ப அரை." எங்கே தப்பு செய்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. "கோடு தாண்டல சிஸ்டர்."

அவள் தண்ணீரை அளந்தாள். அளக்கக் கற்றுக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்தாள். வயிறு முட்டக் குடித்துக்கொண்டே அந்தப் பிள்ளை பட்டினி கிடந்தது.

கோடு சிஸ்டர் அன்றைக்குச் செய்த காரியத்தை எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. "தாய்ப்பால் குடும்மா, திரும்ப வர வைக்கலாம்" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

"எனக்குப் பால் பத்தலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்."

அறையில் இருபது பேர் இருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது. இஸ்திரிக்காரி நம்பவில்லை. இலவச டின்னை நிறுத்துவதற்காகத்தான் இப்படி மாற்றிப் பேசுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பிள்ளையை வாரிக்கொண்டு எழுந்தாள். கோடு சிஸ்டர் கேஸ் தாளை எடுத்து, தான் எழுதிய ப.ப.வை அடித்துவிட்டு, "இது தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் முன்னாலேயே வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

பெரிய டாக்டருக்குச் செய்தி போயிற்று. கூப்பிட்டார். "இப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு நூறு பேர் தாளைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, பாத்து நடந்துக்கங்க" என்றார்.

கோடு சிஸ்டர் திரும்பி வந்து திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார். தினமும் காலையில் இஸ்திரிக்காரி வருவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பிள்ளையை மார்பில் விடுவார்கள். வெறும் மார்பைச் சப்பிப் பிள்ளை வீரிடும். பிறகு கோடு சிஸ்டர் தானே சரியான அளவில் கரைத்த பாலைச் சின்னக் கிண்ணத்தில் ஊட்டுவார். வீட்டில் கொடுக்கப் பவுடரை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக அளந்து மடித்து, ஃபிளாஸ்க்கில் கொதித்த தண்ணீரோடு கொடுத்தனுப்புவார். பாட்டிலை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். முதல் நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஒரு சொட்டு. "வந்துடுச்சு!" என்று கோடு சிஸ்டர் கத்தியது எங்கள் வார்டு வரைக்கும் கேட்டது. எட்டாம் நாள் பிள்ளை நூறு கிராம் ஏறியிருந்தது.

அது சனிக்கிழமை. மறுநாள் அறை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கான பொட்டலங்களும் ஃபிளாஸ்க்கும் வாங்கிக்கொண்டு கிளம்பிய இஸ்திரிக்காரி, சாயங்காலம் எங்கள் வார்டு வாசலில் வந்து நின்றாள். நான்தான் இருந்தேன்.

"பயமா இருக்கு சிஸ்டர். நாளைக்கு ஒரு நாள்தான். இன்னும் முழுசா வரல. அழுதான்னா நான் என்ன செய்வேன்? கைகாவலுக்கு ஒரு டின் குடுங்க."

எனக்கு இரக்கம் வந்தது. அதுதான் உண்மை. வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அலமாரியைத் திறந்து டின் எடுத்துக் கொடுத்தேன். பாட்டில் இல்லை என்றாள். அதையும் கொடுத்தேன். கோடு நானே போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அழுதது. மார்பில் விட்டால் இன்னும் அழுதது. பாட்டிலில் கொடுத்தால் உடனே அடங்கியது. ஃபிளாஸ்க் மதியமே காலியாகிவிட, அவள் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். இந்தத் தடவை பவுடரைக் குறைக்கவில்லை, தலை தட்டி இரண்டு கரண்டி போட்டாள். திங்கட்கிழமை காலை, கண் உள்ளே போய்விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வார்டுக்கு ஓடிவந்தாள். தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை.

கோடு சிஸ்டர் முற்றத்தைத் தாண்டி ஓடிவந்தார். டின் தந்தது வார்டில் ஒரு சிஸ்டர் என்று மட்டும்தான் இஸ்திரிக்காரிக்குச் சொல்லத் தெரிந்தது. "டின்னை யாரு குடுத்தா?" என்று வராந்தாவில் நின்று கேட்டார். அங்கே நாங்கள் ஆறு பேர் இருந்தோம். நான் தரையைப் பார்த்தேன். இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பிள்ளை போய்விட்டது. டின்னாலா, தண்ணீராலா, ஆறு வாரமாக உடம்பில் ஒன்றுமே சேராததாலா என்று யாரும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் "வயிற்றுப்போக்கு" என்று எழுதினார். அது பொய் இல்லை.

இஸ்திரிக்காரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சற்று நேரத்தில் அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, புடவை வழியாக மடியில் இறங்கியது. அத்தனை நாள் சொட்டாக வந்தது அப்போதுதான் பெருகியது. அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கோடு சிஸ்டர்தான் அதை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதைப் போட்டுக்கோம்மா. பால் நின்னுடும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"பத்தலைன்னு சொன்னீங்க, நிறுத்திட்டேன். வரும்னு சொன்னீங்க, தினமும் வந்து உட்கார்ந்தேன். வந்துடுச்சு. இப்ப நிக்கணும்னு சொல்றீங்க." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க சொல்ற எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர்."

பிறகு மாத்திரைக்காகக் கையை நீட்டினாள்.